கொள்கையை எழுதுவது யார்?

1868-ல் நம்ம சைதாப்பேட்டையில்தான் வேளாண் பள்ளி தொடங்கியது. 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய், பிறகு பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சைதாப்பேட்டைக்காரனான எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனால் அங்கே கற்பித்ததை வரப்பு வரை கொண்டுவந்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல. 1952-ல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு வந்த கிராம சேவக்குகள். 1960-களில் தஞ்சாவூரில் பேக்கேஜ் திட்டம் நடந்தபோது, ரசாயன உரத்தை நம்பாத விவசாயியிடம் பேசிப்பேசி நம்ப வைத்ததும் அந்தக் கடைசி ஊழியர்தான். டெல்லியில் போட்ட திட்டத்துக்கு ஊரில் முகம் அவர்.

வங்கியில் இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கடனில் 18 சதவீதம் விவசாயத்துக்கு என்று ரிசர்வ் வங்கி சொல்லும். எந்த விவசாயிக்கு என்பதைக் கிளையில் இருக்கும் கள அலுவலர்தான் முடிவு செய்வார். குத்தகைக்காரர் வந்தால் "பட்டா எங்கே?" என்று ஒரே கேள்வி. அதோடு சரி. அவருக்கு அந்தக் கேள்விதான் அரசின் கடன் கொள்கை.

2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. வரவேற்கிறோம். அது வயலுக்கு வர வேண்டிய வழி, பல ஊர்களை ஒரே ஆளாகச் சுற்றுகிற உதவி வேளாண்மை அலுவலர். எங்கள் பக்கத்து அலுவலர் ஒருவர் சொன்னார்: "சார், உங்க மாப்பிள்ளைச் சம்பா பிரமாதமா இருக்கு. ஆனா என் மாச ரிப்போர்ட்ல இதை எங்க எழுதுறது? அதுக்குக் கட்டமே இல்லையே!"

விஷயம் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. எத்தனை கிலோ விதை கொடுத்தாய், எத்தனை பேருக்கு மானியம் போனது என்றுதான் மேலே இருந்து கேட்கிறார்கள். கேட்காத வேலையை எந்த ஊழியர் மெனக்கெட்டுச் செய்வார்? செய்கிற சிலரும் சொந்த ஆர்வத்தில் செய்கிறார்கள். இடமாற்றம் வந்தால் அதுவும் போச்சு.

நம் கூட்டங்களில் இவர்களை உரக்கடை ஏஜென்ட் என்று திட்டுவது சுலபம். நம்மாழ்வார் அய்யாவே ஒரு காலத்தில் கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் சம்பளம் வாங்கியவர்தானே? உள்ளே இருந்தபோது பார்த்ததுதான் அவரை வெளியே அனுப்பியது. அப்படி யோசிக்கிறவர்கள் இப்போதும் உள்ளே இருக்கிறார்கள். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வர முடியாது, வரவும் வேண்டாம்.

அவர்களை நம் வயலுக்குக் கூப்பிடுங்கள், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள்: அலுவலரின் மாத அறிக்கையில், ரசாயனம் இல்லாமல் பயிர் செய்த ஏக்கர் எவ்வளவு என்று ஒரு கட்டம் வேண்டும். தீர்மான நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.