பிளாப் பாஸ் என்றால் வேலை கையில் என்று யார் சொன்னது?

நீளமான பதிவு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், கோபம் இறங்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

போன ஞாயிறு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் "லண்டனில் டாக்டர் வேலை" என்று ஒரு கூட்டம். என்னிடம் ஆங்கிலம் படித்த ஒரு பிள்ளையின் வாப்பா கூப்பிட்டதால் போனேன். பிள்ளை பங்களாதேஷில் எம்.பி.பி.எஸ் முடித்து, இங்கே வந்து ஈ.ஆர்.பி.எம் எழுதி, இன்டர்ன்ஷிப்பும் முடித்தவள். மேடையில் கோட் போட்ட ஒரு தம்பி, "பிளாப் ரெண்டையும் பாஸ் பண்ணுங்க, மூணு மாசத்தில வேலை" என்றார். மண்டபமே கை தட்டியது. கொட்டாஞ்சேனையில் இருந்து வந்திருந்த ஒரு அம்மா மெல்லக் கேட்டார்: "ஸேர், வீட்டு உறுதியை ஈடு வைக்கலாமா?"

வைக்க வேண்டாம் அம்மா.

பிளாப் என்பது பதிவுக்கான பரீட்சை. பாஸ் பண்ணினால் ஜி.எம்.சி எனும் பிரித்தானிய மருத்துவ சபையில் பெயர் பதியலாம். வேலை கொடுப்பது ஆஸ்பத்திரிகளை நடத்தும் ட்ரஸ்ட்கள், அது வேறு கதவு. பிளாப் பாஸ் பண்ணினால் வேலை நிச்சயம் என்று ஜி.எம்.சி எங்கும் சொல்லவில்லை. நிச்சயமில்லை என்றுதான் சொல்கிறது. மேடையில் அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை.

செலவைப் பாருங்கள். முதல் பகுதியைக் கொழும்பிலேயே எழுதலாம்: 180 கேள்வி, 3 மணித்தியாலம். இரண்டாம் பகுதி மான்செஸ்டரில் மட்டும்தான். அதன் கட்டணமே ஆயிரம் பவுணை அண்டியது, பவுண் 400 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ்ஸில் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7க்குக் குறையாமல் வேண்டும். பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, விசா, டிக்கட், அறை வாடகை. விசிட் விசாவில் போன பிள்ளை சம்பளத்துக்கு ஒரு நாள் கூட வேலை செய்ய முடியாது.

2025இல் அங்கே விசேட பயிற்சி இடங்கள் ஏறத்தாழ 10,000. கேட்டவர்கள் 30,000க்கு மேல். தன் பட்டதாரிகளுக்கே முன்னுரிமை என்று அந்த அரசும் சொல்லிவிட்டது. அதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நாமும் அதைத்தான் செய்வோம். ஆனால் பயிற்சி இடம் கிடைக்காத அங்கத்தைய பிள்ளைகளும் இப்போது நம் பிள்ளைகள் தேடும் அதே வோர்ட் வேலைகளுக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள். விண்ணப்பங்கள் குவிந்ததும் முடிவுத் திகதிக்கு முன்பே மூடிவிடுகிறார்கள்.

"பக்கத்து வீட்டு டாக்டர் போனாரே?" என்று கேட்பீர்கள். அவர் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.டி முடித்து, பயிற்சியின் ஒரு பகுதியாகப் போனவரா என்று முதலில் விசாரியுங்கள். அது ஒப்பந்தம் வைத்துப் போகும் வேறு வழி. 2022 நெருக்கடியில் போனவர்களுக்கு இருந்த சந்தையும் இன்று இல்லை.

என்னை உண்மையில் கொதிக்க வைத்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். வாசலில் ஒரு மேசை போட்டு, விண்ணப்பத்தில் இணைக்கும் சுயவிபரக் கட்டுரையை "ரெடிமேட்" ஆக விற்றார்கள். வாப்பா ஒன்று வாங்கி என்னிடம் தந்தார். இருபது வருஷமாகக் கட்டுரை திருத்துகிறேன், கொப்பி அடித்தது இரண்டாவது வரியிலேயே தெரியும். "சிறந்த தொடர்பாடல் திறன்", "குழுவாக உழைப்பவர்", பிறகு பிள்ளை செய்யவே இல்லாத ஒரு ஓடிட். செய்யாததைச் செய்ததாக எழுதுவது நம் மார்க்கத்தில் என்ன என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பிடிபட்டால் பதிவுக்கே ஆபத்து.

பிள்ளையைக் கூப்பிட்டு, வோர்ட்டில் என்ன செய்தாய் என்று கேட்டேன். டெங்கு நோயாளிகள் ஆபத்தான கட்டத்தில் இருக்கும்போது இரவு முழுக்க மணிக்கு மணி இரத்த அழுத்தம், சிறுநீர் அளவு பார்த்து, பி.சி.வி ஏறுகிறதா என்று கவனித்து, சேலைனைக் கூட்டிக் குறைத்ததைச் சொன்னாள். எப்போது சீனியரை எழுப்பினாள், ஏன் எழுப்பினாள் என்றும் சொன்னாள். "இதை எங்கே எழுதியிருக்கிறாய்?" என்றேன். எழுதவில்லை! விளம்பரத்தோடு தகைமைப் பட்டியல் வரும், கட்டாயம் எது, விரும்பத்தக்கது எது என்று. ஒவ்வொன்றுக்கும் நேராகத் தன் சொந்த அனுபவத்தை வைக்க வேண்டும். நூறு இடத்துக்கு ஒரே கட்டுரையை அனுப்புவது தபால்பெட்டியில் துண்டுப்பிரசுரம் போடுவது மாதிரி.

வேலையை விட்டுவிட்டுப் போகாதே என்றேன். இங்கே சம்பளத்தோடு இருந்துகொண்டே முதல் பகுதியை எழுது, மான்செஸ்டருக்குக் காசு கட்ட முன்னர் ஒரு மாதம் விளம்பரங்களை வாசி, உன் தகைமைக்கு எத்தனை பொருந்துகிறது என்று எண்ணு. வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "லண்டன் டாக்டர்" என்று சொல்லி ஒரு சம்பந்தம் பேசுகிறார்களாம். பிள்ளைக்கு இன்னும் பரீட்சைத் திகதியே இல்லை, நாம் நிக்காஹ்வுக்கு விலை பேசிவிட்டோம். அங்கே போய் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்து, வீட்டுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். "இன்னும் கிடைக்கலையா?" என்று கேட்டுக் கேட்டு அவர்களைப் பொய்க்குத் தள்ளியது நாம்தான்.

கூட்டம் நடத்தியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன வருஷம் உங்களிடம் காசு கட்டியவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை மாதத்தில்? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதைச் சொல்லும்வரை நம் பள்ளிவாசல் மண்டபமோ, கோயில் மண்டபமோ, தேவாலய மண்டபமோ அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. நிர்வாகசபையில் இருப்பவர்கள் இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். அடுத்த கூட்டம் கொட்டாஞ்சேனையில் என்று நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.