கால்பந்துப் போட்டிகளில் கூட்ட வன்முறையைத் தடுக்கவும் நடுவர் பணியைச் சீர்படுத்தவும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
தாமல் வட்டாரக் கால்பந்து ஆட்டக்காரர்கள், ரசிகர்கள் சார்பில்,
தாமல், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
1. உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், காஞ்சிபுரம்.
2. உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள், காஞ்சிபுரம்.
3. மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் அவர்கள், காஞ்சிபுரம்.

பொருள்: கிராமப்புறக் கால்பந்துப் போட்டிகள் – நடுவர் தீர்ப்பை ஒட்டி எழும் தகராறுகள் – பார்வையாளர் பாதுகாப்பு – எழுத்துபூர்வ நெறிமுறை வகுத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

தாமலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தறி நெய்பவர்கள், வயல் வேலை பார்ப்பவர்கள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறிப் போகும் பிள்ளைகள் என்று பலரும் சேர்ந்து கால்பந்து ஆடுகிறோம். பொங்கலை ஒட்டியும் கோடை விடுமுறையிலும் கோப்பையும் ரொக்கப் பரிசும் வைத்துப் போட்டிகள் நடக்கின்றன. ஊருக்கு ஊர் அணி வருகிறது, அணியோடு கூட்டமும் வருகிறது. அந்தக் கூட்டத்துக்கு ரெஃப்ரி மேல் கோபம் வந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு எங்களிடமும் வழி இல்லை. போட்டி நடத்துபவர் கையில் எடுத்துப் பார்க்க எழுதி வைத்த நடைமுறையும் இல்லை.

ஜல்லிக்கட்டு நடத்த 2017ஆம் ஆண்டு விதிகளின்படி ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். இரட்டைத் தடுப்பு, பொதுப்பணித் துறை பார்த்துச் சான்று தந்த கேலரி, மருத்துவக் குழு, வீடியோப் பதிவு எல்லாம் வேண்டும். கால்பந்துக்கோ மைக் செட் அனுமதி கிடைத்தால் போதும் என்றுதான் பெரும்பாலான ஊர்களில் நினைக்கிறார்கள். காளை இல்லாத விளையாட்டில் யாருக்கு என்ன ஆகிவிடும் என்ற எண்ணம்.

தகராறு எப்படித் தொடங்குகிறது என்பதை மைதானத்தில் நின்று பார்த்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம். அறுவடை முடிந்த வயலோ வற்றிய ஏரிப்புறமோதான் மைதானம். சுண்ணாம்புக் கோடு முதல் பாதியிலேயே காலடியில் அழிந்துவிடும். கோல் கம்பம் இருக்கும், வலை இருக்காது. வேகமாக அடித்த பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே உரசிப் போனதா என்று கம்பத்தின் பின்னால் நிற்பவருக்கே தெரியாது; முப்பது அடி தள்ளி ஓடி வரும் ரெஃப்ரிக்கு எப்படித் தெரியும்? லைன்ஸ்மேன் என்று கொடி பிடித்து நிற்பவர் போட்டி நடத்தும் ஊர்க்காரராக இருப்பார். விசில் பிடிப்பவர் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர் என்பதற்காக அழைக்கப்பட்டவர். ஆஃப்சைடு விதியை அவர் கற்றது அவர் ஆடிய காலத்தில். கூட்டம் கோட்டை ஒட்டியே நிற்கிறது. தப்பான விசிலுக்கும் ரெஃப்ரியின் சட்டைக் காலருக்கும் இடையில் இருப்பது நாலு எட்டு தூரம்தான்.

அதன் பிறகு நடப்பது கால்பந்தோடு நிற்பதில்லை. அணிகள் தெருவாரியாகவும் குடியிருப்புவாரியாகவும் சேர்ந்தவை. பெனால்டி கொடுத்தது சரியா இல்லையா என்ற வாக்குவாதம் அரை மணி நேரத்தில் எந்தத் தெருப் பையன் யார் மேல் கை வைத்தான் என்று மாறும், இரவுக்குள் சாதித் தகராறாக ஊருக்குள் வந்துவிடும். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எங்களுக்கு விருப்பம் இல்லை. அடிபடுபவர்களில் தறிக்காரப் பிள்ளைகளும் உண்டு. நெய்பவனுக்கு விரல் முறிந்தால் தறி நின்றுவிடும். கோர்வைப் புடவை என்றால் கூட உட்கார்ந்து எதிர்ப்பக்கம் நாடா வாங்கித் தருபவரின் கூலியும் சேர்ந்து போகும். புடவை இறங்கினால்தான் கூலி. மருத்துவ விடுப்பு என்று ஒன்று அந்தத் தொழிலில் கிடையாது.

பெரிய ஊர்களின் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகள் ஆடின. மைதானத்தில் இரு ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்தச் சூடு கேலரிக்கு ஏறியது. இரு அணி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்த கேலரியில் கல்வீச்சும் தள்ளுமுள்ளுமாகி 16 பேர் இறந்தார்கள். அந்த நாளை வங்காளத்தில் இன்றும் ரத்ததானம் செய்து நினைவுகூர்கிறார்கள். 2012 டிசம்பர் 9 அன்று அதே இரு அணிகள் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஐ-லீக் போட்டியில் மோதியபோது மோகன் பகானின் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. கூட்டத்திலிருந்து கல் பறந்தது. பட்டது ரெஃப்ரி மேல் அல்ல, மோகன் பகானின் சொந்த ஆட்டக்காரர் ரஹீம் நபியின் முகத்தில். இடைவேளைக்குப் பிறகு அந்த அணி ஆட வரவில்லை. கல் எறிகிறவருக்குக் குறி வைக்கத் தெரியாது என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை வைத்துத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டில் நடந்தவை இன்னும் கொடியவை. 1964 மே 24 அன்று பெரு நாட்டின் லிமாவில் அர்ஜென்டினாவோடு நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பெரு அடித்த கோலை ரெஃப்ரி ரத்து செய்தார். ஆட்கள் உள்ளே ஓடினார்கள். போலீஸ் கேலரிக்குள் கண்ணீர்ப்புகை வீசியது. மக்கள் படிக்கட்டில் இறங்கி ஓடினால், கீழே இரும்புக் கதவுகள் மூடியிருந்தன. அரசுக் கணக்கிலேயே 328 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மூச்சுத் திணறி. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் நகரில் சொந்த அணி தோற்ற ஆத்திரத்தில் ரசிகர்கள் மைதானத்தில் இறங்க, மறுபடியும் கண்ணீர்ப்புகை, மறுபடியும் வாசலில் நெரிசல்: 135 பேர். ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகள் மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகையைத் தடை செய்திருந்தும் இது நடந்தது. 2024 டிசம்பர் 1 அன்று கினியாவின் ஜெரெகோரேயில் ரெஃப்ரியின் தீர்ப்பில் தொடங்கிய கலவரத்தில் அரசுக் கணக்குப்படி 56 பேர்.

ரெஃப்ரியின் தவறு ஓர் ஆட்டத்தைக் கெடுக்கும். லிமாவிலும் மலாங்கிலும் ஆளைக் கொன்றது புகையும் வெளியே போக முடியாத வாசலும். ஆகவே எங்கள் கோரிக்கைகளில் பாதி விசிலைப் பற்றியவை, மறுபாதி கயிறு, கம்பு, வாசல், போலீஸ் பற்றியவை.

கோரிக்கைகள்:

முதலாவதாக, குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூட்டம் சேரும் கால்பந்துப் போட்டிகளுக்கு ஆட்சியர் அலுவலகம் ஒரு நெறிமுறையை எழுத்தில் தர வேண்டும். ஜல்லிக்கட்டு அளவுக்குக் கெடுபிடி வேண்டாம். அப்படிச் செய்தால் ஏழை அணிகள் போட்டி நடத்துவதையே விட்டுவிடும். எல்லைக் கோட்டிலிருந்து சில அடி தள்ளிச் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டுவது, இரு ஊர் ரசிகர்களுக்கும் எதிரெதிர்ப் பக்கம் ஒதுக்குவது, ரெஃப்ரி வெளியேறத் தனி வழி, ஆட்டம் முடியும்வரை திறந்தே இருக்கும் இரண்டு வாசல்கள், கோலுக்கு வலை கட்டாயம். வலை சின்னச் செலவு. எங்கள் கணக்கில் தகராறில் பாதி அதோடு தீரும். தற்காலிகக் கேலரி போட்டால் பொறியாளர் பார்த்துச் சான்று தர வேண்டும். 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டம் பூங்கோட்டில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) போட்டியின்போது கேலரி சரிந்து பலர் காயமடைந்ததைப் பத்திரிகைகளில் பார்த்தோம்.

இரண்டாவது, நடுவர்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகமும் தமிழ்நாடு கால்பந்து சங்கமும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கிராமப்புற இளைஞர்களுக்கு ரெஃப்ரி பயிற்சி முகாம் நடத்த வேண்டும், பெண்களுக்கும் சேர்த்து. தேர்ச்சி பெற்றவர்களின் பட்டியல் மாவட்ட அலுவலகத்தில் இருக்க வேண்டும். போட்டி நடத்தும் ஊர்க்காரர் யாரும் விசிலோ கொடியோ பிடிக்கக் கூடாது. ரெஃப்ரியின் கூலியை ஆட்டத்துக்கு முன்பே அலுவலகம் வழியாகக் கட்டிவிட வேண்டும். ஜெயித்தவர் கையால் வாங்கும் பணம்தான் பாதிச் சந்தேகத்துக்குக் காரணம்.

மூன்றாவது, முறையீட்டுக்கு ஒரு வழி. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். நாக்அவுட் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்பு வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோதே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை வலைக்குள் அடித்தார். கோல் செல்லும் என்றார் ரெஃப்ரி. கேரளப் பயிற்சியாளர் அணியையே வெளியே அழைத்துப் போனார். கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. நாட்டின் முதல் வரிசை லீகிலேயே அப்போது வீடியோ நடுவர் வசதி இல்லை என்னும்போது, எங்கள் மைதானத்துக்குக் கேமரா கேட்பது வேடிக்கை என்று தெரியும். நாங்கள் கேட்பது, போட்டி முடிந்து ஒரு வாரத்துக்குள் எழுத்துப் புகாரையும் செல்போன் வீடியோவையும் வாங்கிப் பார்க்கும் மூன்று பேர் கொண்ட குழு. ஆட்ட நிகழ்வுகளில் ரெஃப்ரியின் முடிவே இறுதி என்பது விதி. கோல் கணக்கை மாற்றச் சொல்லவில்லை. திரும்பத் திரும்பத் தவறு செய்யும் ரெஃப்ரியை மறுபயிற்சிக்கு அனுப்பவும், பொய்ப் புகார் தரும் அணியை எச்சரிக்கவும் அந்தக் குழுவுக்கு அதிகாரம் இருந்தால் போதும். ரெஃப்ரியிடம் கேப்டன் மட்டுமே பேசலாம் என்று 2024இல் சர்வதேச விதிக் குழு தந்த வழிகாட்டுதலை மாவட்டப் போட்டிகளில் உடனே நடைமுறைப்படுத்தலாம். காசு செலவில்லாத சீர்திருத்தம் இது.

நான்காவது கோரிக்கை காவல் துறையிடம். இறுதி ஆட்டத்துக்காவது காவலர்கள் முன்கூட்டியே வர வேண்டும்; கலாட்டா முடிந்த பிறகு ஜீப் வருவதால் பயன் இல்லை. கண்ணீர்ப்புகையும் தடியடியும் மைதானத்துக்குள் கூடாது. அதைவிட முக்கியமாக, வழக்குப் பதியும்போது வீடியோவில் தெரியும் ஆளின் மேல் மட்டும் பதிய வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் ‘மற்றும் பலர்’ என்று சேர்த்துவிட்டு, பிறகு வேடிக்கை பார்த்த பையன்களின் பெயரை அதில் நிரப்பினால் காவலர் தேர்வு எழுதும் பிள்ளைகளின் எதிர்காலம் அத்தோடு முடிகிறது. ரெஃப்ரியை அடித்தவன் தப்பக் கூடாது, அதுவும் எங்கள் கோரிக்கைதான்.

மருத்துவ உதவி, நெடுஞ்சாலை ஆகிய இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தாமல் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். கூட்டம் கலைந்து ஓடினால் லாரிக்கு முன்னால்தான் போய் நிற்கும். ஆட்டம் முடியும் நேரத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவரும், பரிசு ஆட்டங்களுக்கு ஓர் ஆம்புலன்ஸும் வேண்டும்.

கூட்டத்தை நடத்தத் தெரியாத மாவட்டம் அல்ல இது. 2019இல் அத்திவரதர் 48 நாள் வைபவத்தில் காஞ்சிபுரம் நிர்வாகம் பெருங்கூட்டத்தைக் கண்டது. அதில் உயிர்களை இழந்த வலியும் பட்டது. 2025 ஜூனில் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசலில் 11 பேரும், அதே ஆண்டு செப்டம்பரில் கரூர் அரசியல் கூட்டத்தில் 41 பேரும் நெரிசலில் மாண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகுதான் நெறிமுறை பற்றிப் பேச்சு எழுந்தது. கால்பந்துக்கு அப்படி ஒரு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பக்கத்துப் பொறுப்பையும் எழுதித் தருகிறோம். எங்கள் ரசிகர்கள் யோக்கியர்கள் என்று வாதாட வரவில்லை. குடித்துவிட்டு வருபவரை மைதானத்துக்குள் விட மாட்டோம். பக்கப் பந்தயம் கட்டுபவரைப் போலீஸிடம் நாங்களே காட்டுவோம். சாதிப் பெயர் சொல்லிக் கத்துபவர் எந்தத் தெருக்காரராக இருந்தாலும் அந்த அணி அந்த ஆட்டத்தை இழக்கும். ரெஃப்ரி மேல் கை வைக்கும் ஆட்டக்காரருக்கு ஓராண்டு எங்கள் போட்டிகளில் இடம் இல்லை. கயிறு பிடிக்க, வாசலில் நிற்க, இரு ஊரிலிருந்தும் சம எண்ணிக்கையில் தொண்டர்களைத் தருகிறோம்.

பொங்கல் போட்டிகளுக்கு அணிகள் பெயர் கொடுக்கத் தொடங்குவதற்கு முன், மேற்கண்ட அலுவலர்கள் மூவரும் எங்கள் பிரதிநிதிகளோடும் பழைய ரெஃப்ரிகளோடும் ஒரு நாள் உட்கார்ந்து பேசி, நெறிமுறையின் முதல் வரைவையாவது வெளியிட ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர் / செயலாளர் / உறுப்பினர்கள்

இடம்: தாமல்
நகல்: தமிழ்நாடு கால்பந்து சங்கம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், ஊராட்சி மன்றத் தலைவர், தாமல்.