கோரைக்கிழங்கும் முத்தங்ஙயும்

நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ அங்காடி மருந்துக் கடையில் ‘கோரைக்கிழங்கு’ என்று கேட்டு வெறுங்கையுடன் திரும்பும் நம் குடும்பப் பெண்டிர் உண்டு. கடைக்காரர்மீது பிழையில்லை; அவர் அறிந்த பெயர் ‘முத்தங்ங’. களியக்காவிளையைத் தாண்டினால் அதே சரக்கு நம் பெயரிலேயே கிடைக்கும். 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கிழங்கோ இரு பக்கத்திலும் ஒன்றே.

சித்த வைத்தியர் இதனை முத்தக்காசு என்பர்; வடமொழியில் முஸ்தா. பாய் முடையும் கோரை வேறு இனம். இரண்டையும் ஒன்றென மயங்க வேண்டா. இது முழங்கால் அளவும் எட்டாத சிறு களை. தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று பட்டை தெரியும். கிழங்கைக் கீறினால் மணக்கும். மரச்சீனித் தோட்டத்தில் மண்வெட்டியால் கொத்தக் கொத்த, சங்கிலிபோல் கோத்த கிழங்குகள் அறுந்து ஒவ்வொன்றும் தனிச் செடியாகும். 1977இல் வெளிவந்த உலகக் களைகள் பற்றிய நூலொன்று இதற்கே முதலிடம் தந்ததில் வியப்பில்லை.

சுரத்திற்கான ஷடங்க பானீயத்தின் ஆறு சரக்குகளுள் இஃது ஒன்று. நலுங்குமாவிலும் இடுவர். இவ்வட்டாரத் தாய்மார், குழந்தைக்குப் பேதி கண்டால், தோல் சுரண்டிய கிழங்கை மோரில் வேகவைத்து அம்மோரைப் புகட்டுவர். நாம் இவ்வழக்கத்தை இகழோம். ஆயினும் குழந்தையின் கண் குழிந்து, நா வறண்டு, சிறுநீர் குறையுமாயின், மோரை நம்பிப் பொழுது போக்குதல் உயிருக்கே கேடாகும். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாக ஊட்டியபடியே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்க.

மற்றொன்று நமது உத்தியோகத்தைச் சார்ந்தது. 1979 முதல் வண்டி ஓடும் கன்னியாகுமரிப் பாதையின் ஓரங்களில் இக்களையைக் கண்டு, மண்வெட்டியோடு வந்துவிடாதீர்கள். இருப்புப் பாதை நெடுகக் களைக்கொல்லி தெளிப்பது ரயில்வேயின் வழக்கம். கேரளம் 2019இல் கிளைபோசேட்டைத் தடை செய்ததாயினும், களைக்கொல்லி அஃதொன்றே அன்று; ஆகவே அயலார் தோட்டத்திலும் கேட்டறிந்தே தோண்டுக. வீட்டுத் தென்னையின் அடியில் கிடைப்பதே நன்று. நன்றாகக் கழுவி, மயிர்வேர்களை நீக்கி, நறுக்கி, வெயிலில் உலர்த்திப் புட்டியில் அடைக்கலாம்.

புட்டியின்மேல் இரு பெயரையும் எழுதி ஒட்டுக. பாட்டி கோரைக்கிழங்கு என்பார். கடைக்குச் செல்லும் பேரன் முத்தங்ங என்றுதான் கேட்டாக வேண்டும்.