வானத்து விளக்குக்குப் பூட்டு ஏன்?

கார்த்திகைத் திங்களிலே திருவண்ணாமலைக்கு வந்து நின்று பாருங்கள், தோழர்களே! 2,668 அடி உயரத்து மலைமுடியிலே தீபம் எரிகிறது. செங்கம் சாலையிலே வண்டி ஓட்டுபவன் காண்கிறான். வேலை முடிந்து வரப்பிலே நடப்பவள் காண்கிறாள். மாடவீதியிலே மாளிகை கட்டி வாழ்பவனும் காண்கிறான். கண்டவரிடம் கட்டணம் கேட்பாரில்லை. காசு கட்டாதவன் வீட்டுக்கு ஒளி போகாது என்று தடுப்பாருமில்லை.

அந்த மலையினும் உயரே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டருக்கு அப்பால், இன்னொரு விளக்கு நிற்கிறது. செயற்கைக்கோள் என்பது அதன் பெயர். அதன் அலைகளும் குடிசை என்றும் கோபுரம் என்றும் பாராமல்தான் விழுகின்றன. விழுகிற அலைக்குப் பூட்டுப் போட்டு, திறவுகோலை மாதந்தோறும் விற்கிறார்களே, அந்த வாணிபத்துக்குப் பெயர்தான் கட்டண அலைவரிசை!

2019 பிப்ரவரியிலே புதிய கட்டண முறை வந்தது. முதல் 100 அலைவரிசைகளுக்கு 130 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு வரி. ஆக 153 ரூபாய். கட்டண அலைவரிசை ஒவ்வொன்றுக்கும் அதற்கு மேலே தனி விலை! கோவில் வாசலிலே பூக்கட்டி விற்கும் தாய்க்கு இது எத்தனை முழம் பூ என்று டில்லியிலே கணக்குப் பார்த்தவர் உண்டா?

பூட்டில்லாத வழி ஒன்று உண்டு. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய சேவை, இன்று 'டி.டி. ஃப்ரீ டிஷ்' என்ற பெயரில் இயங்குகிறது. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. நான்கு கோடிக்கு மேற்பட்ட வீடுகளிலே அது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தைக் கண்டதும் தனியார் நிறுவனங்கள் தாமும் இலவசம் என்று ஓடி வந்தன. ஏழைமீது இரக்கம் பிறந்துவிட்டதோ? இல்லை, விளம்பரத்துக்குப் பார்வையாளர் தேவைப்பட்டனர். ஸ்டார் உத்சவ், ஜீ அன்மோல், சோனி பால், ரிஷ்தே ஆகியவை 2019 மார்ச்சிலே வெளியேறின, 2020இலே திரும்பின, 2022 ஏப்ரல் முதல் நாளன்று மீண்டும் வெளியேறின. கட்டண வருவாய் குறைகிறது என்றதும் கதவை இழுத்துச் சாத்தினார்கள். வரவு பார்த்து வருவதும், இலாபம் பார்த்துப் போவதும் ஈகையாகுமா?

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்று கேட்பவர் உண்டு. தானமா இது? ஃப்ரீ டிஷ்ஷில் இடம்பெறத் தனியார் அலைவரிசைகள் ஏலத்திலே பணம் கட்டுகின்றன. அந்தப் பணத்தை விளம்பரக்காரரிடம் பெறுகின்றன. விளம்பரக்காரர் அதைச் சோப்பின் விலையிலும் பற்பசையின் விலையிலும் சேர்த்து நம்மிடமே பெறுகிறார். நாம் போட்ட புல்லைத் தின்று வளர்ந்த மாடு, தோழர்களே! பல்லையும் பார்ப்போம், பாலில் நம் பங்கையும் கேட்போம்.

அந்தப் பங்கு எங்கே? கம்பிவடம் எட்டாத ஜவ்வாது மலையின் சிற்றூருக்கும் தட்டு போகும். ஆனால் தட்டு கொண்டுவரும் மொழி எது? எண்ணிப் பாருங்கள், இந்தியே பெரும்பான்மை, தமிழ் விரல்விட்டு எண்ணத்தக்கது. இந்தி பேசுவோனுக்கு இலவசமாகப் படமும் பாட்டும். தமிழன் தன் மொழியிலே அவற்றைக் காணக் கட்டணம்! கொடுப்பது பொதுநிறுவனம், கொள்வது ஒருமொழி. இதுதான் சமநீதியா? தமிழிலே அலைவரிசை நடத்தும் முதலாளிகளையும் கேட்கிறோம்: தமிழ் வளர்க்கவே பிறந்தோம் என்கிறீர்களே, உங்கள் பூட்டிலே ஒன்றையேனும் ஏழைக்காகக் கழற்றினால் என்ன?

வானலைகள் பொதுச் சொத்து என்று 1995இலே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச் சொத்தென்றால் அதிலே தமிழனுக்கும் பாத்தியதை உண்டு. மக்கள் சார்பில் அரசே குறுக்கிட முடியும் என்பதற்குச் சான்றும் இங்கேயே உண்டு: 2007இலே உருவான அரசு கேபிள் நிறுவனம், 2011 செப்டம்பரிலே மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்ததே!

எனவே கேட்போம்: ஃப்ரீ டிஷ்ஷிலே ஒவ்வொரு மொழிக்கும் ஒதுக்கீடு வேண்டும், ஏலத்திலே பணம் ஒன்றே அளவுகோலாகக் கூடாது, உள்ளே வந்த அலைவரிசை நினைத்தபோது ஓடாதபடி ஆண்டுக்கணக்கிலே உறுதி வேண்டும். இதைத் தெருமுனையிலே பேசுங்கள், தேநீர்க்கடையிலே பேசுங்கள், ஊராட்சிக் கூட்டத்திலே தீர்மானமாக்குங்கள்.

மலைமேல் ஏற்றிய விளக்கு எல்லோருக்கும் பொது. வானத்திலே ஏற்றிய விளக்கும் பொதுவாகட்டும். அந்த ஒளியிலே தமிழும் தெரியட்டும்!