கைப்பேசியில் உறையும் குரல்கள்

கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் காத்த நாம், குரலைக் காக்க இன்னும் கற்றோமில்லை. இக்குறை வீடுகள்தோறும் உண்டு. அதன் இழப்புதான் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று.

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுவை நோக்கிச் செல்வோர் கீழ்புத்துப்பட்டைக் காண்பர். ஐயனார் கோயிலால் பெயர்பெற்ற அவ்வூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் உள்ளது. 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' எனத் தமிழக அரசு 2021-இல் மாற்றியது. பெயர் மாறினும் கடல் இடையே கிடக்கிறது. அக்கரையில் ஒருவர், அயல்நாட்டில் ஒருவர் எனச் சிதறிய குடும்பத்துக்குக் கைப்பேசியில் வந்திறங்கும் படமும் குரலுமே உறவின் மிச்சம்.

இதை உணர நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1980-களில், சபர் சென்ற கணவருக்கும் மகனுக்கும் நம் இல்லத்துப் பெண்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, வளைகுடா செல்வோர் கையில் கொடுத்தனுப்பினர். எழுத்தறியாத தாயும் அதனால் மகனோடு பேசினார். அந்நாடாக்களுள் சில இன்றும் அலமாரியில் உள்ளன. (கேட்கும் கருவிதான் இல்லை!)

2002-இல் நார்வேயில் வணிக முறையில் தொடங்கிய எம்.எம்.எஸ். படத்தையும் ஒலியையும் கைப்பேசிவழி அனுப்பச் செய்தது. கட்டணம் எளியோரை எட்ட நிறுத்தியது. 2013-இல் வாட்ஸ்அப் குரற்செய்தியைச் சேர்த்தபின் அத்தடை தகர்ந்தது. காக்கும் பொறுப்போ நம் தலையில் விழுந்தது.

'நினைவகம் நிரம்பிவிட்டது' என்ற அறிவிப்பு வந்ததும், காலை வணக்கப் பூக்களையும் பாட்டியின் குரலையும் ஒருசேர அழித்துவிடுகிறோம். இதனினும் கொடிது எண்ணை இழப்பது. கூலி கிடைக்காத மாதங்களில் ரீசார்ஜ் செய்ய இயலாமல் 90 நாள் பயன்பாடின்றிக் கிடந்தால் எண் முடக்கப்படலாம். பின்னர் அது வேறொருவர் கைக்குப் போகும். வாட்ஸ்அப் காப்புப்படியை மீட்க அந்த எண்ணே திறவுகோல். எண் போனால் குரலும் போயிற்று. ஏழைக்கு நேரும் இவ்விழப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

எதை அனுப்பலாகாது என்பது தனிக் கட்டுரைக்குரியது. 2018 மே மாதம், குழந்தை கடத்தல் வதந்தியால் போளூர் அருகே முதிய பெண்மணி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்குமேல் முன்னனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் வரம்பிட்டது. இங்கு இது போதும்.

காப்பது அரிதன்று. குரற்செய்தியை அழுத்திப் பிடித்துப் 'பகிர்' வழியே வேறிடத்தில் சேமிக்கலாம். படத்தை 'ஆவணம்' எனத் தேர்ந்து அனுப்பினால் தெளிவு குன்றாது. நாட்டுப்புறப் பாடல் திரட்டச் செல்லும் நம் துறை மாணவர், ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். உரியவர் இசைவுடன் குரல்களை நினைவட்டையில் படியெடுத்து, பேசியவர், ஊர், நாள் குறித்து, அவர் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். ஆய்வுக்கென நாம் ஒரு படி வைத்துக்கொள்ளலாகாது. முகாம்வாழ் மக்கள் தம்மைப் பற்றிய விவரங்களைப் பலரிடம் பலமுறை கொடுத்துச் சலித்தவர்கள்.