பாதாம் மாவு என்றால் பாதாம் மாவாகவே இருக்கட்டும்



நாற்பது ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பாதாம், முந்திரி, நிலக்கடலை எல்லாம் பருப்பாக விற்றுத்தான் நமக்குப் பழக்கம். இப்போது அவற்றின் மாவைக் கேட்டு வருகிறார்கள். கோதுமையும் அரிசியும் சேர்க்காமல் கேக், ரொட்டி, பிஸ்கட் செய்வதற்காம். பணக்காரர் வீட்டுப் பொழுதுபோக்கு என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். என் கடையிலேயே நடந்த ஒரு தவறு என் எண்ணத்தை மாற்றியது.

சில்லறைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வாடிக்கையாளர் ஒருவருக்காக ஐந்து கிலோ பாதாம் மாவு கேட்டார். எங்கள் மிஷினில் அரைத்துக் கொடுத்தோம். அந்த அம்மாவின் பிள்ளைக்குச் சீலியாக் நோய். கோதுமை ஆகவே ஆகாது. பிறந்த நாள் கேக் சாப்பிட்ட பிள்ளை வயிற்றுப்போக்கில் வாடிப்போனது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அன்று காலை அதே மிஷினில் கோதுமை அரைத்திருந்தார்கள். பையன் துணியால் துடைத்துவிட்டுப் பாதாமைப் போட்டிருக்கிறான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல்லிக் கொடுக்காதது நான்தான்.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் இந்த நோயாளிகளின் குடலைக் கெடுக்கிறது. குளூட்டன் இல்லாதது என்று எழுதி விற்க வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. மிஷின் இடுக்கில் ஒட்டிய மாவே அந்த அளவைத் தாண்டிவிடலாம்.

இரண்டாவது, கலப்படம். பாதாம் விலை நமக்குத் தெரியும். நிலக்கடலை மாவைக் கொஞ்சம் சேர்த்தால் யாருக்குத் தெரியும் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் இந்திய உணவகம் நடத்திய ஒருவர் செலவைக் குறைக்கப் பாதாம் தூளுக்குப் பதிலாக நிலக்கடலை கலந்த மலிவுத் தூளைப் பயன்படுத்தினார். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள வாடிக்கையாளர் ஒருவர் 2014 ஜனவரியில் அதைச் சாப்பிட்டு உயிரிழந்தார். கடலை வேண்டாம் என்று சொல்லித்தான் அவர் உணவு வாங்கியிருந்தார். 2016இல் உணவக முதலாளிக்கு ஆறு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. மிச்சம் பிடித்த பணம் எங்கே, போன உயிர் எங்கே?

மூன்றாவது, “பாதாம் மாவு இல்லை, முந்திரி மாவு இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான்” என்று சொல்லி விற்பது. ஒன்றல்ல. 100 கிராம் பாதாமில் கார்போஹைட்ரேட் சுமார் 22 கிராம். அதில் பாதிக்கு மேல் நார்ச்சத்து. முந்திரியில் சுமார் 30 கிராம். நார்ச்சத்து மூன்று கிராம் அளவுதான். சர்க்கரை நோயாளிக்கு இந்த வித்தியாசம் முக்கியம். தேங்காய் மாவோ எண்ணெய் பெருமளவு எடுக்கப்பட்டு, நார் மிகுந்தது, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பாதாம் மாவு நான்கு கப் போடுகிற இடத்தில் இது ஒரு கப் போதும், முட்டையும் கூடுதலாக வேண்டும். சமமாகப் போட்டால் கேக் காய்ந்து உதிரும், பழி கடைக்காரர் மேல் விழும். நிலக்கடலையோ கொட்டை இனமே அல்ல, பயறு இனம்.

இவ்வளவும் பார்த்தால் வியாபாரம் எப்படி என்று கேட்பீர்கள். மாவு விற்க வேண்டுமானால் அதற்கென்று தனி மிஷின், தனி சல்லடை, தனி அள்ளுகரண்டி வையுங்கள். எங்கள் கடையில் இப்போது அப்படித்தான். முடியாதவர்கள் நல்ல கம்பெனிகளின் சீல் வைத்த பாக்கெட்டை வாங்கி, உறையில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து விற்கலாம். அல்லது முழுப் பருப்பைக் கொடுத்து, வீட்டு மிக்ஸியில் ஈரமில்லாமல், விட்டு விட்டு அரைக்கச் சொல்லலாம். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். பாதாமில் பாதி எண்ணெய்தான் என்பதால் அரைத்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாமல் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, அரைத்த தேதியை எழுதி விற்க வேண்டும்.

நோயாளி வீட்டார் டாக்டரிடம் கேட்டதை நம் கடையில் வந்து வாங்குகிறார்கள். பாக்கெட்டுக்குள் இருப்பது என்ன என்று அவர்கள் சோதித்துப் பார்க்க வழியில்லை. நம் வார்த்தையை நம்பித்தான் பிள்ளைக்கு ஊட்டுகிறார்கள். தெரியாத சரக்கை “தெரியாது, இல்லை” என்று சொல்லி அனுப்புவதால் ஒரு வியாபாரம் போகும். பொய் சொல்லி விற்றால் கடையின் பெயரே போகும். அந்தப் பிள்ளை தேறிவிட்டது. அதன் தாயார் இன்றும் நண்பரின் கடைக்கு வருகிறார், ஆனால் மாவு மட்டும் வாங்குவதில்லை.