பயணம் போக வேண்டியவை நகல்கள்தான்

கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்க அருங்காட்சியகத்தில் ஒரு தங்கக் காப்பு காணாமல் போனது எப்போது தெரியவந்தது? ரோம் கண்காட்சிக்கு அனுப்பப் பொருள்களைச் சரிபார்த்தபோது! 2025 செப்டம்பரில் வெளிவந்த செய்தி இது. 21-ஆம் வம்சத்து மன்னர் அமெனெமோப்பின் காப்பு. சுமார் 3,000 ஆண்டுப் பழமை. லாபிஸ் லசூலி மணி ஒன்று கோத்தது. அருங்காட்சியக ஊழியர் ஒருவரே திருடி விற்றதாக உள்துறை அமைச்சகம் சொன்னது. கைமாறிய விலை 1,80,000 எகிப்திய பவுண்டு. கடைசியில் உலைக்குப் போய் உருகிவிட்டது.

அடுத்த மாதமே ரோமில் 130 பொருள்களோடு கண்காட்சி திறக்கப்பட்டது. ஓர் இழப்புக்குப் பிறகு நின்று யோசிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

1972-ஐ நினைத்துப் பார்க்கலாம். மன்னர் துட்டன்காமனின் கல்லறைப் பொருள்கள் 50 லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. நுழைவுக் கட்டணம் வெறும் 50 பென்ஸ். ஏறத்தாழ 17 லட்சம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். கிடைத்த உபரி, நைல் நீரில் மூழ்கிக்கொண்டிருந்த ஃபிலே கோயில்களைக் காக்க யுனெஸ்கோவுக்குப் போனது. அந்தப் பயணத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது. 2005-இல் லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த துட்டன்காமன் கண்காட்சிக்குக் கட்டணம் 30 டாலர் வரை போனது. நடத்தியவை தனியார் கேளிக்கை நிறுவனங்கள். கோயிலைக் காக்கப் போன பொக்கிஷம், முப்பது சொச்சம் ஆண்டுகளில் வாடகைச் சரக்காகிவிட்டது.

ஆபத்து எகிப்துக்குத் தெரியாததல்ல. 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனிக்குப் போன இடத்தில், துட்டன்காமன் கல்லறையைச் சேர்ந்த செர்கெத் தேவியின் சிலை சேதமடைந்தது. துட்டன்காமன் பொருள்கள் வெளிநாடு போகத் தடை வந்தது. பிறகு தடை தளர்ந்தது. ஆனாலும் 2005 பயணத்தில் பொன் முகமூடி சேர்க்கப்படவில்லை. முகமூடிக்குக் காட்டிய அக்கறையை மற்றவற்றுக்கு ஏன் காட்டவில்லை?

அந்நியச் செலாவணி வருகிறதே என்பார்கள். குடும்ப நகையை வாடகைக்கு விட்டுக் குடித்தனம் நடத்துகிறவரின் பேச்சு அது. ஏழை மாணவர்கள் கெய்ரோவுக்குப் போக முடியுமா என்று கேட்பவர்களிடம் ஒரே கேள்வி: 30 டாலர் கொடுக்க அந்த ஏழையால் முடியுமா?

மாற்று வழி கையிலேயே இருக்கிறது. துட்டன்காமன் கல்லறையின் நுட்பமான நகல் ஒன்று 2014 முதல் லக்சரில், அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் வாழ்ந்த வீட்டருகே பார்வைக்கு இருக்கிறது. கல்லறைக்கே நகல் செய்ய முடிகிறபோது காப்புக்கும் கிரீடத்துக்கும் முடியாதா? அந்த நகல்கள் ஊர் ஊராகப் போகட்டும். அசல்களுக்கு இடம் கிஸாதான். அங்கே 2025 நவம்பரில் பிரமாண்ட அருங்காட்சியகம் முழுமையாகத் திறந்தாகிவிட்டது. எகிப்து அரசு பழைய தடையை மீண்டும் கொண்டுவர வேண்டும். இம்முறை துட்டன்காமனுக்கு மட்டுமல்ல, எல்லா அரச பொக்கிஷங்களுக்கும், விதிவிலக்கே இல்லாமல்.